சாவியைக் கொடுக்கும் முன்

"நம் தாமான் சாலைதானே! நான்தான் பக்கத்தில் அமர்ந்திருக்கிறேனே!" என்று எண்ணி, 15 வயதுப் பிள்ளையிடம் மகிழுந்துச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் அதை அன்பினால்தான் செய்கின்றனர். ஆயினும், சட்டம் அதனைக் குற்றமாகவே கருதுகிறது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மோட்டார் சைக்கிள் ஓட்ட 16 வயதும் மகிழுந்து ஓட்ட 17 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சி உரிமம் பெற்ற பிறகும், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரிடமே மகிழுந்து ஓட்டப் பழக வேண்டும். உரிமம் இல்லாதவர் வாகனம் ஓட்டினால், அதற்கு அனுமதித்தவரும் தண்டனைக்கு உரியவராவார். அவருக்கு 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கு 16 வயதில் பயிற்சி உரிமம் பெறும் பிள்ளைக்கு, முழு உரிமம் வைத்திருக்கும் பெற்றோரே கற்றுக்கொடுக்கலாம். எனினும், பொதுவாக 120 மணி நேரப் பயிற்சியைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவுப் பயிற்சியாக இருக்க வேண்டும்.

கற்பிப்பவர் யாராயினும் இச்சட்டங்களின் நோக்கம் ஒன்றே: போதிய பயிற்சி இல்லாதவரால் ஓர் உயிரும் பறிபோகக் கூடாது.

அப்படியானால், மலேசியப் பெற்றோர் கற்பிக்க ஒன்றும் இல்லையா? உண்டு. இருக்கைவார் அணிவது, சிவப்பு விளக்கில் நிற்பது, கைப்பேசியைத் தொடாமல் ஓட்டுவது ஆகியவற்றைப் பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்ந்து பல ஆண்டுகள் கவனிக்கின்றனர். பெற்றோர் நடத்தும் முதல் பாடம் அதுவே.