ஒருவர் கையில் எல்லாச் சாவியும்

வேதபாடம்: யாத்திராகமம் 18:13-26



மே மாதம் நெருங்கும்போது வாலிபர் முகாமுக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம். செய்தி கொடுப்பவருக்காகவும், பிள்ளைகளின் இரட்சிப்புக்காகவும் ஜெபிக்கிறோம். ஆனால் முகாமை நடத்தும் சங்கத்துக்காக ஜெபிக்கிறவர்கள் எத்தனை பேர்? பணம் யார் கையில் இருக்கிறது, செயலாளருக்குப் பின் யார் என்று கேட்பதை ஆவிக்குரிய காரியமாக நாம் எண்ணுவதில்லை. நானும் எண்ணாமல்தான் இருந்தேன். அதனால் எனக்கு வந்த வெட்கத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் ஒரு முகாம் சங்கத்துக்கு நான் செயலாளர். சம்பளம் கிடையாது; பஸ் செலவுகூட என் கைக்காசு. இடம் பிடிப்பது, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பது, பெயர்ப் பட்டியல், ரசீது புத்தகம், பாங்க் பாஸ்புக் எல்லாம் என்னிடமே. கமிட்டியில் ஒன்பது பேர் உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் கூடி, டீ குடித்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். “அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன கவலை” என்பார்கள். அது என் காதுக்கு இனிப்பாக இருந்தது.

1996 மே மாதம், முகாமுக்கு நான்கு நாள் இருக்கையில் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தேன். யாரிடம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறது, பாத்திரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பாங்கில் பணம் இருந்தது. எடுப்பதற்கு என் கையெழுத்து ஒன்றுதான். வேறு வழியின்றி முகாமை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளின் பட்டியலோ என் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது! செய்தி போய்ச் சேராத இரண்டு கிராமத்துப் பிள்ளைகள் 23 பேர், போர்வையும் பைபிளுமாக பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை காத்திருந்து திரும்பிப் போனார்கள். அவர்களில் சிலர் அடுத்த வருஷம் வரவே இல்லை.

நான் எழுந்து உட்கார்ந்தபின் ஒரு தம்பி பார்க்க வந்தான். “அண்ணே, எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிட்டீங்க. எங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தரலையே” என்றான். எனக்குக் கோபம் பொங்கியது. “பதினோரு வருஷமா எவன் காசுலடா அலைஞ்சேன்?” என்று கேட்டேன். அவன் பதில் பேசாமல் அழுதுவிட்டான். பிறகு கணக்கைப் பார்த்தபோது 4,300 ரூபாய்க்கு வவுச்சர் இல்லை. நான் எடுக்கவில்லை என்பதைக் கர்த்தர் அறிவார். ஆனால் சபைக்கு எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அந்த நாட்களில் வேதத்தைத் திறந்தபோது கர்த்தர் எனக்குக் கற்றுத்தந்த நான்கு பாடங்கள் இவை.

1. பாரம் பகிரப்பட வேண்டும்

மோசே காலைமுதல் சாயங்காலமட்டும் ஒருவனாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்த்தார். மாமனாராகிய எத்திரோ அதைப் பாராட்டவில்லை. நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று எச்சரித்தார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு ஒவ்வொரு தலைவராக ஏற்படுத்தச் சொன்னார். தலைவர்களுக்கு அவர் கேட்ட தகுதிகளைக் கவனியுங்கள்: திறமை, தேவபயம், உண்மை, பண ஆசையின்மை. சொன்னதைக் கேட்டுக்கொண்டது மோசேயின் தாழ்மை. எனக்கும் ஒரு எத்திரோ அழுதுகொண்டு வந்தான். நான் அவனை அதட்டி அனுப்பினேன்.

2. பணத்தை ஒருவர் மட்டும் கையாளலாகாது

எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும் காரியத்தில் பவுல் எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தார் என்பதை II கொரிந்தியர் 8:18-21-ல் வாசியுங்கள். தீத்துவோடு, சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக நேர்மையாயிருந்தது அவருக்குப் போதவில்லை; மனுஷருக்கு முன்பாகவும் நேர்மை விளங்க வேண்டும் என்று நினைத்தார். அப்போஸ்தலனுக்கே அது தேவையென்றால் நமக்கு எவ்வளவு தேவை! பாங்க் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், உறவினர் அல்லாத ஒருவர் பார்க்கும் தணிக்கை. இவை சந்தேகத்தினால் வைக்கும் காவல் என்று எண்ணாதிருங்கள். உண்மையுள்ள ஊழியனைப் பழியிலிருந்து காக்கும் வேலி இவை.

3. முறையிடுகிறவர்களைக் கேட்க வேண்டும்

அப்போஸ்தலர் 6-ல் கிரேக்கரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடப்படுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழும்பியது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேருமே கிரேக்கப் பெயருள்ளவர்கள்! “ஆவியானவர் நடத்தும்போது சட்டதிட்டம் எதுக்கு பிரதர்?” என்று சிலர் கேட்கிறார்கள். பந்தி விசாரிக்கும் வேலைக்கே பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்றது அதே அதிகாரந்தான்.

இன்று முகாமுக்கு வரும் பிள்ளையின் முறையீடு இன்னும் பாரமானது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால் காவல்துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும். தன் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை அறிவிக்காமல் விடும் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. “ஊழியத்தின் பெயர் கெட்டுப்போகும்” என்று மூடிவைப்பது விசுவாசமல்ல, பாவம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முகாமில் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

4. விலகவும் தெரிய வேண்டும்

எண்ணாகமம் 8:24-26-ல் லேவியருக்கு 25 வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் பணி தொடங்குகிறது. 50 வயதில் முடிகிறது. அதன்பின் அவர்கள் சும்மா இருப்பதில்லை, தங்கள் சகோதரருக்குத் துணை நிற்கிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் (1975) பதிவான சங்கத்துக்குக் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு வேண்டும், குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டலாகாது என்கிறது. மறுபடியும் தெரிந்தெடுக்கப்படலாம், ஆனால் சபையார் முன் வந்து நிற்கத்தான் வேண்டும். சம்பளம் வாங்காத காரணத்தால் அந்த நாற்காலி நமக்குச் சொந்தமாகிவிடாது.

அந்த வருஷமே பொதுக்குழுவைக் கூட்டி மன்னிப்புக் கேட்டேன். 4,300 ரூபாயையும் என் கையிலிருந்து கட்டினேன். அழுத அந்தத் தம்பியைச் செயலாளராகத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த மே மாதம் நான் சமையற்கட்டில் காய்கறி நறுக்கினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பிள்ளையும் காத்து நிற்கவில்லை. தேவனுக்கே ஸ்தோத்திரம்!

வீட்டு ஜெபக்குழுவில் பேச:

1. நாளைக்கே நான் படுத்துவிட்டால், என் பொறுப்பில் உள்ள வேலை நடக்குமா?
2. நம் சங்கத்தின் கணக்கை உறுப்பினர்கள் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?
3. நான் பயிற்றுவிக்கும் வாலிபன் அல்லது வாலிபப் பெண் யார்?

ஜெபம்: ஆண்டவரே, உமது வேலையை என்னுடையதாக்கிக்கொண்ட பெருமையை மன்னியும். கணக்கு ஒப்புவிக்கும் மனதையும், சாவியைக் கொடுக்கும் கையையும் எனக்குத் தாரும். ஆமென்.