பாராளுமன்ற வாக்குகள் புகட்டும் பாடம்

ஓர் அரசியல்வாதியின் கொள்கை யாதென அறிய, அவர் மேடையில் பேசியதைக் கேட்பதா அல்லது சபையில் அளித்த வாக்கைப் பார்ப்பதா? தேர்தல் காலத்தில் நாம் பெரும்பாலும் முதலாவதையே செய்கிறோம். இரண்டாவதைச் செய்து பார்த்த இரு அறிஞரின் ஆய்வை இவ்வாரம் நமது படிப்புக்கு எடுத்துக்கொள்வோம்.

கீத் பூல், ஹவர்ட் ரோசென்தால் என்போர் அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள். 1789ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்கக் காங்கிரசில் நடந்த பெயர்வாரி வாக்கெடுப்புகளை அவர்கள் 1980களிலிருந்து கணினியின் துணைகொண்டு ஆராய்ந்தார்கள். அவர்களது முறையின் அடிப்படை எளிது. அடிக்கடி ஒரே பக்கத்தில் வாக்களிக்கும் இருவரை அருகருகே வைக்க வேண்டும். எதிரெதிராக வாக்களிப்போரைத் தூரத் தூர வைக்க வேண்டும். கட்சிப் பெயரும் மேடைப் பேச்சும் கணக்கில் இல்லை. அளித்த வாக்கு ஒன்றே சாட்சி.

அவ்வாறு வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலான வாக்குகள் ஒரே கோட்டில் அடங்கின. பொருளாதாரத்தில் அரசாங்கம் எவ்வளவு தலையிடலாம் என்பதே அக்கோடு. ஆனால் சில காலங்களில் இரண்டாவது கோடொன்று குறுக்கே ஓடியது. முதலில் அடிமைமுறை பற்றியும், பின்னர் கறுப்பின மக்களின் உரிமை பற்றியும் எழுந்த பிரிவினை அது. மற்றொன்றையும் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு கட்சிகளிலும் நடுவே நின்றோர் பலர் இருந்தனர். 1970களிலிருந்து நடுவிடம் வெறுமையாகிக்கொண்டே வந்தது. காந்தத்தின் இரு முனைகளைப்போல் சபை பிரிந்து நிற்கும் இந்நிலையையே துருவமயமாதல் என்கிறார்கள்.

நம் நாட்டில் ஓடிய கோடுகள்

இந்த அளவுகோலை நமது பாராளுமன்றத்தின்மீது வைத்துப் பார்ப்போம். 1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு 53க்கு 35 என்ற வாக்குகளால் நிறைவேறியது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டமூலத்துக்கு ஆதரவாக 66 வாக்குகளும் எதிராக 29 வாக்குகளும் விழுந்தன. பொருளாதாரக் கொள்கையில் ஒன்றையொன்று எதிர்த்த ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் ஐக்கிய தேசியக் கட்சியும் அன்று ஒரே பக்கத்தில் நின்றன. எதிர்ப்பக்கத்திலே தமிழ்ப் பிரதிநிதிகளோடு சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் நின்றார்கள். முதலாளி, தொழிலாளி என்ற கோட்டை, மொழி என்ற கோடு குறுக்கே வெட்டியது.

ஆனால் இக்கோடுகள் கல்லில் எழுதப்பட்டவையல்ல. 1956இல் தமிழுக்கும் சம இடம் கேட்டு வாதாடிய கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவே, 1972இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக வைத்த அரசியலமைப்புக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தார். மறுபுறத்தில், கண்டி, நுவரெலியா மலைகளில் உழைத்த மக்களின் கதையைப் பாருங்கள். 1947இல் நுவரெலியாவில் வென்ற சௌ. தொண்டமான் அவர்கள், மக்கள் வாக்கினால் மீண்டும் பாராளுமன்றம் செல்வதற்கு 1977 வரை முப்பது ஆண்டுகள் ஆயின. 2003இல், எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தபோதோ சபை எதிர்ப்பின்றி அதை நிறைவேற்றியது. 1948இல் சபையைப் பிளந்த விடயத்தில் 2003இல் சபை ஒருமனப்பட்டது. பிரிவினை இயற்கையின் விதியன்று. மனிதர் உண்டாக்கிய அதை மனிதரே நீக்கவும் முடியும்.

கணக்கு காட்டும் உண்மை

ஆயினும், மாற்றமெல்லாம் மனமாற்றமாகுமா? ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய இருபதாந் திருத்தத்துக்கு 2020 ஒக்டோபரில் 156 பேர் ஆதரவளித்தார்கள். 65 பேர் எதிர்த்தார்கள். அவ்வதிகாரத்தைக் குறைத்து, அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் கொண்டுவந்த இருபத்தோராந் திருத்தத்துக்கு 2022 ஒக்டோபரில் அதே பாராளுமன்றத்தில் 179 பேர் ஆதரவளித்தார்கள். 225 பேரில் இதற்கு ஆதரவளிக்காதவர்கள் 46 பேர். அந்த 46 பேரும் முந்தைய 156 பேருக்குள் இருந்தவர்களே என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய 110 பேர் இரண்டுக்கும் கையுயர்த்தியிருக்க வேண்டும். இடையில் ஆள் மாறிய ஒரு சில ஆசனங்களைக் கழித்தாலும் முடிவு பெரிதும் மாறாது. இவ்விரு வாக்குகளுக்கும் இடையில் நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனாதிபதி பதவி விலகினார். தவறெனக் கண்டதைத் திருத்திக்கொள்வது நல்லதே. அது மனச்சாட்சியின் குரலா, காற்று வீசிய திசையா என்பதை மட்டும் வாக்குக் கணக்கு சொல்லாது.

கணக்கு சொல்லாத வேறு சிலவும் உண்டு. 1964 டிசம்பர் 3இல் சி. பி. டி சில்வாவும் வேறு 13 பேரும் எதிர்ப்பக்கம் சென்றமையால் அன்றைய அரசாங்கம் ஒரே வாக்கினால் தோற்றது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படியோ, கட்சியிலிருந்து விலக்கப்படும் அங்கத்தவர், அவ்விலக்கல் செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்த்தாலன்றி, ஆசனத்தையும் இழப்பார். எனவே பல வாக்குகள் அங்கத்தவரின் உள்ளத்தைவிடக் கட்சிக் கொறடாவின் கட்டளையையே காட்டலாம். சபையில் இல்லாதவரின் எதிர்ப்பும் கணக்கில் வராது. 1983இல் ஆறாந் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்துச் சபைக்குச் செல்லாதிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களையே இழந்தார்கள்.

விசுவாசியின் கடமை

நற்செய்தியிலே ஒரு சபை அங்கத்தவரைக் காண்கிறோம். அரிமத்தியா ஊர் சூசை யூதர்களின் ஆலோசனைச் சபையைச் சேர்ந்தவர். ஆண்டவருக்கு எதிரான தீர்மானத்துக்கு அவர் இணங்கவில்லை என்று புனித லூக்காஸ் குறித்து வைத்திருக்கிறார். பெரும்பான்மை வென்றது. ஆயினும் இணங்காத ஒருவரின் பெயரைத் திருச்சபை இன்றும் நன்றியோடு நினைவுகூருகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு நமக்கு இரண்டைக் கற்பிக்கிறது. உலகக் காரியங்களில் நேர்மையான விசுவாசிகள் வெவ்வேறு முடிவுக்கு வரலாம். தன் கருத்துக்கு மட்டுமே திருச்சபையின் அதிகாரம் உண்டென எவரும் உரிமை பாராட்டலாகாது. எனவே வேறு கட்சிக்கு வாக்களிக்கும் அயலவன் நமக்குப் பகைவன் அல்லன். அம்பிட்டிய தேசிய குருமடத்தில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவர்கள் ஒரே மொழியினரோ ஒரே அரசியல் கருத்துடைய குடும்பத்தினரோ அல்லர்.

அதே வேளையில் மனித மாண்பு பற்றிய விடயத்தில் நடுவில் நிற்பது நற்பண்பாகாது. ஒரு மக்கட் கூட்டத்தின் குடியுரிமையைப் பறிப்பதா என்று கேட்கப்படும்போது, பாதி பறிப்போம் என்பது சமரசமன்று. துருவமயமாதலுக்கு மருந்து கொள்கையைக் கைவிடுவதன்று; கொள்கையை உறுதியாகப் பற்றிக்கொண்டு எதிராளியை அன்போடு நடத்துவதே.

பங்கு இளைஞர் குழுக்களும் படிப்பு வட்டங்களும் பின்வருவனவற்றைக் கலந்துரையாடலாம்:

1. நமது மாவட்டப் பிரதிநிதிகள் அண்மைய முக்கிய வாக்கெடுப்புகளில் எப்பக்கம் நின்றார்கள்? ஹன்சாட் அறிக்கையில் தேடிப் பார்த்தோமா?

2. அவர்களில் யாரேனும் தம் கருத்தை மாற்றியிருந்தால், அதற்குக் காரணம் சொன்னார்களா?

3. நமது பங்கில் எந்தக் கோடு நம்மைப் பிரிக்கிறது: மொழியா, சாதியா, கட்சியா? அதை அழிக்க நாம் செய்தது என்ன?