ஒரே படகு, வேறு வேறு வண்ணம்

செம்பூரில் பன்வேல் வண்டி ஏறினால், மான்குர்டு தாண்டியதும் பாலம் வரும். கீழே தானே கடற்கழி. சேற்றில் ஒன்றிரண்டு படகுகள் சாய்ந்து கிடக்கும். அதற்குள் வண்டி வாஷி போய்விடும். நெருளில் இறங்கும்போது கேட்டால், பார்த்த படகின் நிறம்கூட நினைவில் இருக்காது.

நெருளின் கரையோரம் கராவே என்ற பழைய ஊர் இருக்கிறது. ஆக்ரி, கோலி மக்கள் வாழும் ஊர். மராத்தியில் படகை ஹோடி என்பார்கள். 1970இல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. பிறகு வயலும் உப்பளமும் இருந்த இடங்களில் நவி மும்பை எழுந்தது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பல தமிழ்க் குடும்பங்கள் இங்கே குடிவந்தன. கட்டடம் பெருகியது. படகு நிற்கும் கரை குறைந்தது.

மரப்படகு பழசானால் உடைத்துவிடுவார்கள். அதன் உருவத்தை எப்படிக் காப்பாற்றுவது? வரைந்து வைக்கலாம். எதைக் கொண்டு வரைவது?

முதலில் மகாராஷ்டிரத்திலேயே உள்ள ஒரு படத்தைப் பார்ப்போம். அஜந்தாவின் 2ஆம் குகைச் சுவரில் ஒரு கப்பல் இருக்கிறது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் வரைந்தது. மூன்று பாய்மரங்கள். தளத்தில் வரிசையாகச் சாடிகள். பாறையின் மேல் மண்ணும் உமியும் நாரும் குழைத்துப் பூசினார்கள். அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு. அது காய்ந்த பிறகுதான் வண்ணம். சிவப்பும் மஞ்சளும் காவிக் கற்களிலிருந்து கிடைத்தன. கறுப்பு, விளக்குக் கரி. வண்ணம் சுவரில் ஒட்ட வேண்டுமே! அதற்குப் பசை கலந்தார்கள்.

இந்தச் சுவரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போக முடியாது. அஜந்தாவிலிருந்து கடல் வெகு தூரம். ஓவியர் மனதில் இருந்த கப்பலைத்தான் வரைந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கப்பல்கள் இன்று இல்லை. சுவரில் அவற்றின் உருவம் இருக்கிறது.

இனி வேறொரு ஓவியர். வின்சென்ட் வான்கா என்று பெயர். ஹாலந்து நாட்டுக்காரர். 1888இல் அவர் பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் இருந்தார். அங்கிருந்து சேன்த் மரி என்ற கடலோர ஊருக்குச் சில நாள் போனார். மணலில் மீன்பிடி படகுகள் நின்றன. சிவப்பு, பச்சை, நீலம். வரைய ஆசைப்பட்டார். ஆனால் மீனவர்கள் அதிகாலையிலேயே படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள். தினமும் பார்த்தார். தினமும் படகு போய்விட்டது. ஊர் திரும்பும் நாள் காலையில்தான், படகுகள் கிளம்பும் முன்னே அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

எண்ணெய் வண்ணம் குழைக்க அப்போது நேரம் ஏது? நாணலைச் சீவிச் செய்த பேனாவால், மை தொட்டு வேகமாக வரைந்தார். வெறும் கோடுகள். நிறத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? இது சிவப்பு, இது பச்சை என்று படத்திலேயே நிறங்களின் பெயரை எழுதிக்கொண்டார். எழுதத் தெரிந்ததால் நிறம் தப்பியது.

ஆர்லுக்கு வந்து, அந்தத் தாளைப் பார்த்து நீர்வண்ணத்தில் ஒரு படம் போட்டார். நீர்வண்ணம் சீக்கிரம் உலரும். தண்ணீர் அதிகமானால் பரவிவிடும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் தவறினால் மறைப்பது கடினம்.

எண்ணெய் வண்ணத்திலும் அதே படகுகளை வரைந்தார். இந்த வண்ணத்தை ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றில் குழைப்பார்கள். உலரப் பல நாள் ஆகும். அவசரம் இல்லை. பிடிக்காததைச் சுரண்டலாம், மேலே மறுபடி பூசலாம். அதனால் வான்கா வலப்பக்கம் கடலையும் வானத்தையும் கூட்டிக்கொண்டார். கரையில் நான்கு படகுகள். தூரத்தில் சில படகுகள் பாய் விரித்துப் போகின்றன. கரையில் நிற்கும் ஒரு படகில் ‘அமித்தியே’ என்று பெயர் எழுதியிருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘நட்பு’ என்று பொருள்.

எண்ணெய்ப் படம் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத்தான் பேர் அதிகம். ஆனால் நிறமே இல்லாத அந்தப் பேனாப் படம் இல்லாவிட்டால், மற்ற இரண்டும் இல்லை.

மும்பைக் கரையிலும் படகுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் உண்டு. ஆகஸ்டு வாக்கில் நாரளி பௌர்ணமி வரும். அதற்கு முன் கோலி மக்கள் ஹோடியைப் பழுது பார்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள், பெயரும் எழுதுவார்கள். அது படத்துக்கான வண்ணம் அல்ல. உப்புத் தண்ணீரைத் தாங்க வேண்டிய வண்ணம்.

அடுத்த முறை பாலம் கடக்கும்போது ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கூட்டத்தில் கையை அசைக்கக்கூட முடியாது. மத்தியான வண்டி நல்லது. படகின் வளைவுக்கு ஒரு கோடு, பாய்மரத்துக்கு ஒரு கோடு போதும். நிறத்தின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும், பிள்ளையின் பள்ளிப் பையில் வாட்டர் கலர் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.