நடவுக் காலத்திற்கு முன்னேற்பாடு



மரம் நடுவது ஒரு நாள் வேலை. அதற்கு ஆயத்தமாவதோ பல மாத வேலை. தோட்ட மக்களாகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. பால்மரத் தோட்டங்களில் மறுநடவு செய்யுமுன், நிலத்தைத் துப்புரவாக்கி, வரிசை பிடித்து, குழி வெட்டி, மண்ணைக் காக்கும் பயற்றினக் கொடிகளை விதைத்து வைத்தவர்கள் நம் முன்னோர். அவ்வறிவு இன்று நகரத்தில் ஒரு தனித் தொழிலுக்கு அடிப்படையாக உள்ளது. சாலையோர மரங்களையும் பூங்காக்களையும் பேணும் மரப் பராமரிப்புத் தொழிலே அது. அத்தொழிலை நடத்துவோர் நடவுக் காலத்திற்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என ஆராய்வோம்.

முதலாவது, காலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இருமுறை மழை மிகும். ஏப்ரல் மாதத்தையொட்டி ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொன்று. ஜூன், ஜூலையில் மழை குறையும். ஆண்டிறுதி நடவுக்குரிய பணிகளை அம்மாதங்களிலேயே தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது, இடம். கட்டடம் எழுந்த நிலம் இறுகிக் கிடக்கும். சிறு குழி வெட்டி நீரூற்றி, அது வடிகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். மேலே மின்கம்பி, கீழே குழாய் உண்டா என அறிந்து, நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, கன்று. பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுருண்டுவிடும். அதை அப்படியே நட்டால் மரம் உயரும். மண்ணில் உறுதியான பிடிப்பு இராது. நிழலில் வளர்ந்த கன்றுகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குதலும் இன்றியமையாதது. பட்டுப்போவனவற்றை ஈடுசெய்ய, நூறு கன்றுக்குப் பத்துக் கன்று கூடுதலாக வைத்திருத்தல் நலம்.

நான்காவது, குழி. அகலம் வேர்க்கட்டியைப் போல் இரு மடங்கு இருத்தல் வேண்டும். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தை மிஞ்சுதல் கூடாது. தண்டின் அடி மண்ணுள் புதைந்தால் அழுகும்.

ஐந்தாவது, முதிர்ந்த மரங்கள். மழைக்காலம் நடவுக்கு உகந்தது; அதுவே புயற்காற்றும் வீசும் காலம். 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெருமரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. ஆதலின் அடிமரத்தில் காளான், பொந்து, வெடிப்பு, புதிய சாய்வு ஆகியவை உண்டா என மழைக்கு முன்பே பார்த்தல் கடமையாகும்.

முறையாகச் செய்த பணி நூறாண்டு பேசும். கெப்போங்கில் ஈயச் சுரங்கத்தாலும் காய்கறித் தோட்டங்களாலும் காடிழந்து கிடந்த நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். இன்று அது அடர்ந்த காடு. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமையாக ஏற்றது.

பெற்றோர்களே, தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரத்தை அறிந்த நம் கைகள் பிறரிடம் நாட்கூலிக்கே உழைத்தல் போதுமா? உங்கள் கைத்திறனுடன் தாவரவியல், கணக்கு, மலாய் மொழியில் குத்தகை விண்ணப்பம் எழுதும் திறன் ஆகியவற்றையும் பிள்ளைகள் கற்பார்களாயின், அவர்களே அத்தொழிலின் உரிமையாளர் ஆகலாம்.

பயிற்சி: மாணவர்களே, விடுமுறையில் உங்கள் வீட்டருகே ஒரு மரத்தின் அடியைக் கூர்ந்து நோக்கி, கண்டவற்றை ஐந்து வாக்கியங்களில் எழுதி வருக.