உவர்க் கழிநீரால் விதைநெல் தெரிதல்

கடல்நீரிலிருந்து குடிநீர் பிரிக்கும் நிலையங்கள் நம் நாட்டிலும் அமைந்துவிட்டன. தாளையடியில் 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தருமாறு அமைக்கப்பட்டது. சென்னைக்கருகே 2010 இல் திறக்கப்பட்ட மீஞ்சூர் நிலையமோ 237 பங்கு கடல்நீரிலிருந்து 100 பங்கு நன்னீரை எடுப்பதாகும். உப்பு முழுவதும் எஞ்சிய 137 பங்கிலே தங்குவதால், லீற்றருக்கு 35 கிராமாயிருந்த உப்பு 60 கிராமாகின்றது. இந்நீர் மீண்டும் கடலிலேயே விடப்படுகின்றது.

இதனை வயலுக்குப் பாய்ச்சலாமோ என வினவுவாரும் உளர். ஒருபோதும் ஆகாது. மண்ணிலுள்ள நீரில் லீற்றருக்கு 2 கிராமளவில் உப்பு மிகுந்தாலே நெல்விளைவு குறையத் தொடங்கும். போஞ்சி அதற்கு முன்னரே வாடும்.

ஆயினும் விதைநெல் தெரிவதற்கு இந்நீர் பெரிதும் உதவும். பதரும் அரைமணியும் கலந்த விதையை இட்டபின் நாற்றுமேடை வெளித்ததென வருந்துவதிற் பயனில்லை. விதை தெரிய 10 லீற்றர் நீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு வேண்டும். கழிநீரில் 600 கிராம் முன்னரே உள்ளதாதலின் 900 கிராம் சேர்த்தாற் போதும். வெயிலில் 10 லீற்றரை 4 லீற்றராக வற்றவிடின் உப்பு வாங்கவே வேண்டியதில்லை. வெறுங் கடல்நீராயின் 1,150 கிராம் சேர்க்க. வெள்ளவத்தைக் கரையிற்போலக் கால்வாய் கடலிற் கலக்குமிடங்களில் நீரை அள்ளாதீர்கள். அது உப்புக் குறைந்தும் அழுக்குற்றும் இருக்கும்.

அன்றிட்ட கோழிமுட்டை மிதந்து, அதன் மேற்பகுதி சிறு நாணயமளவு வெளியே தெரியுமாயின் நீர் பதமாயிற்று. பழைய முட்டை மெலிந்த நீரிலும் மிதந்து நம்மை ஏமாற்றிவிடும். நெல்லைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறி, மிதப்பனவற்றை உடனே வாரி அகற்றுக. அடியிற் றங்கிய மணிகளை நன்னீரில் மும்முறை கழுவிய பின்னரே ஊறவைத்தல் வேண்டும். கழுவாது விடின் முளைப்புக் கெடும். வாரியெடுத்த பதரையும் கழுவிய பின்னரே கோழிகளுக்கு இடுக, உப்பு அவற்றுக்கு நஞ்சாகும்.

மிஞ்சிய உவர்நீரை வயலிலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. அகன்ற மண்சட்டியில் வற்றவைத்து, உப்பை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம். தகரப் பாத்திரம் துருவேறும். நிலையக் கழிநீரில் மருந்துகளும் கலந்திருத்தல் கூடுமாதலின், இவ்வுப்பைச் சமையலுக்கு எடுக்கவேண்டாம்.