ஜெட் ஸ்கீ சொந்தமா வாங்கலாமா? வட சென்னைக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

வீடு, கார், தங்கம், மியூச்சுவல் ஃபண்ட் என்றே பேசிக்கொண்டிருக்கும் நம்ம சேனலில் இது கொஞ்சம் புதுத் தலைப்பு. ஆனால் கேள்வி உண்மையானது. திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் ஒரு க்ளையன்ட் கேட்டார்: "வீட்டுக்கு எதிர்லயே கடல் இருக்கு தம்பி. ரெண்டு பசங்க, லீவு நாள்ல போன்லயே கிடக்குறாங்க. ஒரு ஜெட் ஸ்கீ எடுத்துடலாமா? கம்பெனி பேர்ல போட்டா டேக்ஸும் மிச்சம்தானே?"

இதில் இரண்டு கேள்வி இருக்கு. வாங்கலாமா என்பது ஒன்று, கம்பெனி பேரில் போடலாமா என்பது இன்னொன்று. முதலில் விலை.

ஜெட் ஸ்கீ என்பது கவாசாகி கம்பெனியின் பிராண்ட் பெயர். யமஹா தன்னுடையதை வேவ்ரன்னர் என்கிறது, இன்னொரு பெரிய பிராண்ட் சீ-டூ. நம்ம ஊரில் ஜெராக்ஸ் மாதிரி எல்லாத்துக்கும் ஜெட் ஸ்கீ என்றே பேர் நிலைத்துவிட்டது. புது வண்டி என்றால் பெரும்பாலும் இறக்குமதி. உல்லாசத்துக்கான படகுகள் எல்லாம் ஹெச்எஸ்என் 8903-ல் வருகின்றன. முன்பு இதற்கு ஜிஎஸ்டி 28%, செஸ் 3%. 2025 செப்டம்பர் 22-லிருந்து செஸ் போய் ஜிஎஸ்டி 40% ஆகிவிட்டது. அன்றைக்கு சோப்பு, ஷாம்பூ, சின்ன கார் எல்லாம் வரி குறைந்த செய்தியைத்தான் எல்லாரும் பார்த்தோம். இது மேலே போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஜிஎஸ்டிக்கு முன்னால் சுங்க வரி இருக்கு, எல்லாம் சேர்ந்து 27.5%. துறைமுகத்தில் வந்து இறங்கும்போது 6 லட்சம் மதிப்புள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் 1.65 லட்சம். ஆச்சு 7.65 லட்சம். அந்த மொத்தத்துக்கும் 40%, அதாவது 3.06 லட்சம். கையில் 10.71 லட்சம் நிற்கிறது. டீலர் லாபம், ட்ரெய்லர், லைஃப் ஜாக்கெட் எல்லாம் இதற்கு மேல். கணக்குக்காக 13 லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கொட்டேஷன் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கம்பெனி பேரில் போட்டால்?

ஜிஎஸ்டி கட்டினதை கிரெடிட்டாக எடுக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சிஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவு படகுக்கான கிரெடிட்டைத் தடுத்து வைத்திருக்கு. படகை வாங்கி விற்பவர், பயணிகளை ஏற்றுபவர், சரக்கு கொண்டுபோகிறவர், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் – இவர்களுக்குத்தான் விலக்கு. ஃபேப்ரிகேஷன் பட்டறை இதில் எதிலும் வராது. இன்சூரன்ஸ், சர்வீஸ் பில்லில் கட்டும் ஜிஎஸ்டிக்கும் அதே கதி. "வாடகைக்கு விடப் போறேன்னு எழுதிட்டா?" என்று அடுத்த கேள்வி வந்தது. உண்மையிலேயே வாடகைக்கு விட்டால் அது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். எழுதுவதற்காக மட்டும் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வருமான வரியில் தேய்மானம் 20% இருக்கு. 1962 வருமான வரி விதிகளின் பட்டியலில் 'ஸ்பீட் போட்' என்பதற்கு விளக்கமே உண்டு: அசையாத தண்ணீரில் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், வேகம் எடுக்கும்போது முன்பக்கம் தண்ணீரை விட்டு எழும்ப வேண்டும். வரி விதிகளை இவ்வளவு சுவாரஸ்யமாக நான் வேறெங்கும் படித்ததில்லை! ஆனால் தொழிலுக்குப் பயன்படாத பொருளுக்கு எந்தத் தேய்மானமும் கிடையாது. அது மட்டுமல்ல, கம்பெனி சொத்தை டைரக்டர் குடும்பம் பயன்படுத்தினால் விலையில் வருஷத்துக்கு 10% அவருடைய சம்பளத்தில் சலுகை மதிப்பாகச் சேரும். 13 லட்சத்துக்கு 1.3 லட்சம். மிச்சம் பண்ணப் போய் புதுசாக ஒரு வரி. வருமானம் 1 கோடியைத் தாண்டி தன் பேரிலேயே வாங்குகிறவர்கள் ரிட்டர்னில் சொத்துப் பட்டியலில் இதையும் காட்ட வேண்டும். கார், படகு, விமானம் எல்லாம் அங்கே ஒரே வரிசை.

எங்கே இறக்குவீங்க?

நம்ம ஏரியாவில் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையை மனதில் ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் கருங்கல் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும். மணல் இருக்கும் இடமெல்லாம் மீனவர் குப்பம், அங்கே கட்டுமரமும் ஃபைபர் படகும் வலையும். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். துறைமுக எல்லைக்குள் உல்லாச வண்டி ஓட்டுவது விளையாட்டு இல்லை. அங்கே கப்பலும் பாதுகாப்புப் படையும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, ஜெட் ஸ்கீக்கு வெளியே விசிறி கிடையாது. அடியில் இருக்கும் கிரில் வழியாக பம்ப் தண்ணீரை உறிஞ்சி பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. பிளாஸ்டிக் கவர், அறுந்த வலைக் கயிறு, சேறு எல்லாமே அதே வழியாக உள்ளே போகும். நம்ம கடலில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. வலை மாட்டினால் பம்ப் மட்டும் போகாது. ஒரு மீனவருடைய ஒரு மாதச் சம்பாத்தியம் அந்த வலையில் இருக்கலாம், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சரி, எண்ணூர் கழிமுகம்?" அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணியும் வருஷக்கணக்காகக் கலக்கும் இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். பசங்களைக் குளிக்க விடாத தண்ணீரில் வண்டி ஓட்ட விடுவீங்களா? அதற்கும் வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம். எஞ்சின் சத்தத்தோடு போகும் இடமில்லை. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் கொண்டாடப் போனவர்கள்.

ஆக, வண்டி திருவொற்றியூரில் நிற்கும், ஓட்டுவதற்கு ஈசிஆர் போக வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். போய்ச் சேர்கிற இடத்தில் சொந்த வண்டியை இறக்க அனுமதி உண்டா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். முட்டுக்காடு மாதிரி உள்நாட்டு நீர்நிலை என்றால் 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் இன்சூரன்ஸும் பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

ஐந்து வருஷம் கழித்து 5 லட்சத்துக்கு விற்பதாக வைத்தால் மதிப்புக் குறைவு வருஷத்துக்கு 1.60 லட்சம். அந்த 13 லட்சம் எஃப்டியில் 7% கொடுத்திருக்கும், அது 91,000. சர்வீஸ் 60,000, நிறுத்துமிட வாடகை 60,000, இன்சூரன்ஸ் 25,000 என்று என் அனுமானம். மொத்தம் 3.96 லட்சம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.

எவ்வளவு ஓட்டுவோம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு. பரீட்சை மாதம் போயிற்று. கல்யாணம், காதுகுத்து ஞாயிறுகள் போயிற்று. வருஷத்துக்கு 15 நாள், நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 30 மணி நேரம். மணிக்கு 13,200 ரூபாய். நிதானமாக ஓட்டினாலே சின்ன எஞ்சின் மணிக்கு 12 லிட்டர் குடிக்கும், அது சுமார் 1,200 ரூபாய். கூட்டினால் 14,400.

வாடகைக்கு ஓட்டினால் மணிக்கு 6,000 ஆகிறது என்று வைத்தாலும், சொந்த வண்டி லாபமாக வருஷத்துக்கு 82 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அதாவது 41 நாளுக்கு மேல். மீன்பிடிக்கப் போகிறவரைத் தவிர நம்ம தெருவில் யாரும் 41 நாள் கடலில் இருப்பதில்லை.

நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 99,000 ரூபாய், 20-21 மணி நேரத்திலேயே வாடகைக்குச் சமமாகிவிடும். கணக்கு நன்றாகத்தான் இருக்கு. ஆனால் வண்டி யார் பேரில், விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு, ஒருவர் விலகினால் எந்த விலைக்கு என்று ஒரு ஒப்பந்தம் வேண்டும். அதை எழுத மனசு இல்லாதவர்கள் சேர்ந்து வாங்க வேண்டாம்.

10 லட்சத்துக்கு பெர்சனல் லோன் போடலாம் என்று நினைத்தால், 13% வட்டிக்கு ஐந்து வருஷம் மாதம் 22,753 ரூபாய். மழைக்காலத்தில் வண்டி ஷெட்டில் தூங்கும். இஎம்ஐ தூங்காது.

அப்படியும் வாங்குகிறவர்களுக்கு

பண்ணை வீடு ஈசிஆரில் இருக்கு, அனுமதி கைக்கு வந்துவிட்டது என்று சொல்லும் ஒரு சிலருக்கு இது. குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன்னால் எடையைப் பாருங்கள். சீ-டூ ஸ்பார்க் மாதிரி சின்ன வண்டியில் இருவர் மாடல் சுமார் 160 கிலோ, மூவர் மாடல் சுமார் 205 கிலோ தாங்கும். அப்பா 82, அம்மா 66, பையன் 45, பொண்ணு 28 – மொத்தம் 221. எடையிலும் ஏறாது, மூன்று சீட்டில் நாலு பேர் உட்காரவும் முடியாது. குடும்பம் முழுக்க ஒரே வண்டியில் போகும் படம் விளம்பரத்தில்கூட வராது.

சாம்பல், மணல் கலந்த தண்ணீர் என்றால் எஞ்சினைக் குளிர்விக்க வெளித் தண்ணீரை இழுக்காத மூடிய சுற்று அமைப்பு நல்லது. சீ-டூவில் அது இருக்கு, யமஹாவும் கவாசாகியும் வெளித் தண்ணீரையே இழுக்கின்றன. எதுவானாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

பெட்ரோலை யாரும் கேட்பதே இல்லை. இந்த வண்டிகளின் கையேட்டில் எத்தனால் 10% வரைதான் என்று போட்டிருக்கும். நம்ம பங்கில் இப்போது கிடைப்பது இ20. எஞ்சின் போனால் வாரண்டி உண்டா என்று டீலரிடம் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

வாடகைக்கு ஓட்டினாலும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: ஆக்சிலரேட்டரை விட்டால் இந்த வண்டி திரும்பாது. பம்ப் தண்ணீர் அடிக்கும்போதுதான் ஹேண்டில் வேலை செய்யும். எதிரில் படகு வந்ததும் பயத்தில் கையை எடுத்தால் நேராகப் போய் மோதுவோம். 16 வயசுக்குக் கீழ் ஓட்டக் கொடுக்கக் கூடாது என்பது தயாரிப்பாளர்களே சொல்வது. கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுபவர் மேல் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் விழுந்த பிறகும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு பயம் தேவையில்லை. ஹெல்த் பாலிசியின் சாகச விளையாட்டு விலக்கு தொழில்முறையாக ஆடுபவர்களுக்குத்தான். ஆனால் தனிநபர் விபத்து பாலிசி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்களுடையதை எடுத்துப் படியுங்கள்.

க்ளையன்ட் அண்ணன் இப்போதைக்கு வாங்கவில்லை. வருஷத்துக்கு 40,000 ரூபாய் என்று ஒரு தனி ஆர்டி போட்டிருக்கிறார். பள்ளி லீவில் மாமல்லபுரம் தாண்டி முதலியார்குப்பம் படகுக் குழாமுக்கு இரண்டு முறை போவதாகத் திட்டம். பையனுக்கு முதலில் நீச்சல் வகுப்பு, அது நான் சேர்த்த நிபந்தனை. மேலே சொன்ன கணக்கின் ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷனில் இருக்கு. மஞ்சள் கட்டங்களில் உங்கள் விலை, வாடகை, ஓட்டப்போகும் மணி நேரம் மூன்றையும் போட்டால் மீதி தானே வரும்.