வாரத்துக்கு எத்தனை நாள் வேலைக்குப் போகலாம்?



"சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு வாரம் பூரா வேலைக்குப் போகணுமா? நாலு நாள் போனா போதாதா?" நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கூலியை மட்டும் பார்த்து இதற்கு முடிவு சொல்ல முடியாது. கூலி எவ்வளவு, செலவு எவ்வளவு, பிள்ளையைப் பார்ப்பது யார் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோமா?

ஓர் உறுப்பினருக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன், 7ஆம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். தினக்கூலி 350 ரூபாய். ஷேர் ஆட்டோவுக்கு 40, டீ, வடைக்கு 30 போக கையில் நிற்பது 280. வாரம் 6 நாள் போனால் 1,680 ரூபாய். 4 நாள் போனால் 1,120 ரூபாய். வித்தியாசம் 560 ரூபாய்.

அந்த 4 நாளும் மாமியார் பையனைப் பார்த்துக்கொள்கிறார். வியாழன், வெள்ளி அவரும் களையெடுக்கப் போகிறார். அப்போது என்ன சொல்கிறோம்? "பெரியவ இருக்காளே, லீவு போட்டுட்டுப் பாத்துக்கட்டும்!"

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். வாரம் 5 நாளில் 2 நாள் நின்றால் 88 நாள் படிப்பு போச்சு! பாடம் புரியாது. புரியாவிட்டால் பள்ளிக்கூடம் பிடிக்காது. படிப்பு நின்றால் அடுத்து கல்யாணப் பேச்சுதான். அந்த 560 ரூபாய்க்கு விலை கொடுப்பது நம் மகள்.

என்ன செய்யலாம்?

* குழுவில் இன்னொரு தாயோடு முறை வைத்துக்கொள்ளலாம். வியாழன் நீங்கள் போங்கள், அவர் இரண்டு பிள்ளைகளையும் பார்க்கட்டும். வெள்ளி அவர் போகட்டும், நீங்கள் பாருங்கள். இருவருக்கும் 5 நாள் வேலை. யார் மகளும் லீவு போட வேண்டாம்.
* 2 வயது முடிந்ததும் பிள்ளையை அங்கன்வாடியில் விடலாம். எத்தனை மணி வரை என்று கேட்டு, அதற்கேற்ற வேலையைப் பாருங்கள்.
* கடன் தவணைக்காகத்தான் கூடுதல் நாள் என்றால் குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவகாசம் கொடுப்பதும் குழுவின் கடமைதான்.
* பிறந்து 6 மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே சேமியுங்கள்.
* வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை இரண்டு பேருக்கும்தானே?

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவருக்கு 3 நாள், இன்னொருவருக்கு 6 நாள் சரிப்படலாம். பிள்ளை வளர வளர கணக்கும் மாறும். வருடம் ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் பேச:

1. ஒரு நாள் கூலியில் உங்கள் கையில் நிற்பது எவ்வளவு?
2. நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் பிள்ளையைப் பார்ப்பது யார்?
3. நம் குழுவில் யார் யார் முறை வைத்துக்கொள்ளலாம்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நம் உழைப்பு மகளின் படிப்பை உயர்த்தட்டும், நிறுத்த வேண்டாம்!